முப்பாய்ச்சலுக்குப் போனவர்

சுவிஸில் துன் ஏரிக்கரையில் இருக்கும் ஒரு ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுப் பகுதிக்குக் குணசேகரம்தான் பொறுப்பு. பால் பெட்டி வந்தால் மூடியில் அடித்திருக்கும் திகதியை அவர் நம்பமாட்டார். திறந்து மணந்து பார்ப்பார். முட்டை கொண்டுவருகிற ஆள் பல வருடமாக ஒரே ஆள்தான். என்றாலும் மேல்தட்டைத் தூக்கிக் கீழ்த்தட்டைப் பார்க்காமல் ஒருநாளும் கையெழுத்து வைத்ததில்லை. "குணா, நீ போலிஸில் சேர்ந்திருக்க வேண்டியவன்" என்று பெரிய சமையற்காரர் பகிடி விடுவார். அந்தப் பகிடிக்குள் வேறு ஏதாவது இருக்குமோ என்று குணசேகரம் வீட்டுக்கு வந்தும் யோசித்துக்கொண்டிருப்பார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. இளம் வயதில் அவரை இலங்கையிலிருந்து கூட்டிவந்த ஏஜென்ட், ஒரு ரயில் நிலைய வாசலில் இறக்கிவிட்டு, "இதுதான் சூரிச். இதிலேயே நில், ஆள் வந்து கூட்டிக்கொண்டு போகும்" என்று சொல்லிவிட்டுப் போனவன். நாள் முழுக்க நின்றபிறகுதான் அது இத்தாலிப் பக்கத்துக் கோமோ என்று குணசேகரத்துக்குத் தெரிந்தது. பிறகு எப்படியோ எல்லை தாண்டி வந்து அகதி விண்ணப்பம் போட்டார். விசாரணையில் இந்தக் கோமோ கதையைச் சொன்னபோது அதிகாரி பேனையைக் கீழே வைத்துவிட்டு, "உண்மையைச் சொல்லுங்கள்" என்றார். நடந்ததைச் சொன்னவனையே நம்பாத இடத்தில் தான் மட்டும் ஆரை நம்ப வேண்டும் என்று அன்றைக்கு அவர் மனதில் விழுந்தது.

அதற்கு முன்னும் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்தில் படிக்கிற காலத்தில் குணசேகரம் முப்பாய்ச்சல்காரர். ஓடிவந்து பலகையில் மிதித்து, அதே காலில் ஒரு கெந்தல், மற்றக் காலுக்கு ஒரு எட்டு, கடைசியில் மணலுக்குள் பாய்ச்சல். மாவட்டப் போட்டியில் அவருக்கு இரண்டாமிடம். முதலாமிடம் கிடைத்திருக்க வேண்டிய பாய்ச்சலுக்கு, கால் பலகையைத் தாண்டிவிட்டது என்று நடுவர் சிவப்புக் கொடி தூக்கினார். தாண்டவே இல்லை என்பது குணசேகரத்தின் கட்சி. அந்த நடுவர் வென்ற பெடியனுடைய மாஸ்டருக்கு மச்சான் முறை என்று பிறகு ஆரோ சொன்னார்கள். அது உண்மையோ என்றுகூட அவர் விசாரித்துப் பார்த்தார், பிடி கிடைக்கவில்லை.

கோப்பை கழுவுவதில் தொடங்கி, மரக்கறி வெட்டி, காலைச் சாப்பாட்டுக்குப் பொறுப்பாகி, ராஜேஸ்வரியைக் கலியாணம் முடித்து, ஒரு மகளும் பிறந்து, கடைசியில் சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டும் கைக்கு வந்தது. அந்த மகள் ஹரிஷா இப்போது பேர்ணில் ஒரு கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிக்கிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து குணசேகரம் கோப்பை கழுவிக்கொண்டு நின்றபோது அவள் பக்கத்தில் வந்து சாய்ந்து நின்றாள்.

"அப்பா, நான் ஒராளை விரும்புறன். ரெண்டு வருசமா."

குணசேகரம் குழாயைப் பூட்டினார். "ஆர்ர பெடியன்?"

"சுவிஸ்காரன். அட்ரியான் எண்டு பேர். ரயில் ஓட்டுறவன்."

"ரெண்டு வருசமாவோ?"

பெடியன் வெள்ளைக்காரன் என்பதைவிட அதுதான் அவருக்கு உறைத்தது. திரும்பி மனைவியைப் பார்த்தார். ராஜேஸ்வரி துடைத்த மேசையையே திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆக, அவளுக்கும் முந்தியே தெரியும்.

எங்கள் ஆட்களுக்குள் ஒரு சம்பந்தம் வந்தால் விசாரிப்பதற்கு வழி இருக்கிறது. என்ன ஊர், ஆர்ர மோன், தாய் எந்தப் பகுதி என்று கேட்டுவிட்டு, கனடாவுக்கு ஒரு போன், லண்டனுக்கு ஒரு போன் போட்டால் பொழுதுபடுவதற்குள் மாப்பிள்ளையின் பூட்டனுடைய குணம்வரை வந்து சேர்ந்துவிடும். ஒரு சுவிஸ்காரப் பெடியனை ஆரிடம் போய் விசாரிப்பது? குணசேகரம் ஒரு கிழமையாகச் சரியாக நித்திரை கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு அட்ரியான் வீட்டுக்கு வந்தான். உயர்ந்த, அமைதியான பெடியன். வாசலில் ஆரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினான். பழக்கியிருக்கிறாள் என்று குணசேகரம் நினைத்தார். சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டான். இதுவும் பழக்கியிருக்கிறாள். மீன் குழம்புக்கு மூக்கைக்கூட உறிஞ்சவில்லை. எவ்வளவு காலமாக எங்கே சாப்பிட்டுப் பழகினான்?

சுவிஸ்காரர் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டையில் ஒரு பூர்வீக ஊர் எழுதியிருக்கும். குணசேகரம் அதில் பிடித்தார்.

"உங்கள் ஊர் எது?" என்று அந்தப் பக்கத்து ஜெர்மன் பேச்சான பேர்ண் டொய்ச்சில் கேட்டார்.

"அட்டையில் லங்னவ் என்று இருக்கிறது. ஆனால் நான் அங்கே இருந்ததே இல்லை. அப்பாவும் இருந்ததில்லை."

"தாத்தா?"

"அவரும் இல்லை. அவர் ஸ்டெஃபிஸ்பூர்க்."

குணசேகரம் தமிழுக்கு மாறினார். "ஒருத்தரும் இருக்காத இடம் எப்பிடிப் பிள்ளை ஊராகும்?"

"உங்கட அட்டையில துன் எண்டுதானே போட்டிருக்கு அப்பா. நீங்கள் துன்னிலயே பிறந்தனீங்கள்?" என்றாள் ஹரிஷா. ராஜேஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டு தயிர் எடுக்கப் போனாள். குணசேகரத்தின் முகம் இறுகியதைக் கண்டு, ஹரிஷா குரலை மாற்றினாள்.

"அப்பா, உங்களுக்குப் பிடிக்கிற கதை ஒண்டு இருக்கு. அட்ரியான்ர தாத்தா, ஐம்பத்திநாலில பேர்ணில நடந்த ஐரோப்பியப் போட்டியில முப்பாய்ச்சலுக்குப் போனவர்."

குணசேகரத்தின் கை சோற்றுக்குள்ளேயே நின்றது.

"உவன்ர தாத்தாவோ?"

"ஓம் அப்பா. கெர்பர் தாத்தா. இப்பவும் இருக்கிறார்."

அதற்குமேல் குணசேகரம் ஒன்றும் கேட்கவில்லை. சம்பந்தப்பட்டவனிடமே விசாரிப்பது அவருடைய முறையில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு உசார் வந்துவிட்டது. இவ்வளவு நாளும் பிடிக்க ஒரு நுனி இல்லாமல் இருந்தது. இப்போது அவர்களே ஒரு நுனியை நீட்டியிருக்கிறார்கள். மற்ற எந்தப் போட்டியைச் சொல்லியிருந்தாலும் அவரால் தொடர முடியாது. முப்பாய்ச்சலில் தன்னை ஏமாற்ற முடியாது. இது பொய்யென்றால் மிச்சமும் பொய்தான்.

அன்றிரவே போனில் தேடினார். அந்த வருடம் முப்பாய்ச்சலில் வென்றவர் சோவியத்காரர் என்று கிடைத்தது. பேர்களை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் வாசித்தார். கெர்பர் என்று ஒருவரும் இல்லை. லீவு நாளில் பேர்ணுக்குப் போய், அந்தப் போட்டி நடந்த நொய்ஃபெல்ட் மைதானத்துக்குள்ளும் நுழைந்தார். மணற்குழிக்குப் பக்கத்தில் இலை கூட்டிக்கொண்டு நின்ற ஒருவனிடம் கேட்டபோது அவன் விளக்குமாற்றில் சாய்ந்துகொண்டு, "ஐம்பத்துநாலா? என் அப்பாவே அப்போது பிறக்கவில்லை" என்றான். குணசேகரம் பலகைக்குப் பின்னால் கொஞ்சநேரம் நின்றுவிட்டு ரயிலேறினார்.

"பொய்," என்றார் வீட்டுக்கு வந்து. "பேர் இல்லை. ஒரு இடத்திலயும் இல்லை."

ராஜேஸ்வரி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். "இஞ்சேருங்கோ, நீங்கள் ஏன் ஊரெல்லாம் சுத்துறியள்? ஸ்டெஃபிஸ்பூர்க் பஸ்ஸில போற தூரம்தானே. அந்த மனிசனையே போய்க் கேளுங்கோவன்."

"போய்க் கேக்கத்தான் போறன்."

"சும்மா கையோட போகாதேங்கோ" என்று பயத்தம் பணியாரத்தை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுக் கொடுத்தாள். வரப்போவதாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சொன்னால் அவர்கள் தங்களுக்குள் கதைத்து வைத்துவிடுவார்கள்.

புதன்கிழமை பின்னேரம். ஸ்டெஃபிஸ்பூர்க்கில் ஒரு தொடர்மாடியின் கீழ்வீடு. சிறு புல்தரை, அதன் நடுவே சீமெந்துக் கல் பாதை, கதவில் வெண்கல எழுத்தில் கெர்பர். மணியை அடித்தார். கதவு கால் முழம் திறந்து சங்கிலியில் நின்றது. இடைவெளியில் மெலிந்த, நீண்ட, சுருங்கிய ஒரு முகம், தொண்ணூறு தாண்டியிருக்கும். கண் மட்டும் கூர்மை.

"க்ரூஸெக், ஹெர் கெர்பர்" என்று வணக்கம் சொன்னார். "நான் உங்கள் பேரன் அட்ரியானுடைய… அவர் விரும்புகிற பெண்ணின் தகப்பன்."

கிழவர் சங்கிலியைக் கழற்றவில்லை. அவருக்குப் பின்னால் சுவரில் போலிஸார் முதியவர்களுக்கு அனுப்பும் எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருந்தது. பேரனுடைய ஆள் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள், கதவைத் திறக்காதீர்கள் என்ற தாள். அதே தாள் குணசேகரத்தின் தொடர்மாடி வாசலிலும் இருக்கிறது. அதை ஒட்டச் சொல்லி நிர்வாகத்தை நெருக்கியவரே அவர்தான்.

"அடுத்தது என்ன?" என்றார் கிழவர். "என் பேரன் விபத்தில் மாட்டிவிட்டான், உடனே வங்கி அட்டையைத் தா என்று கேட்பீர்களா?"

"ஐயோ, இல்லை. அவர் சுகமாக இருக்கிறார். சும்மா உங்களைப் பார்க்க வந்தேன்."

"சும்மா ஒருவரும் வருவதில்லை. பெட்டிக்குள் என்ன?"

"பலகாரம்."

"திறந்து காட்டுங்கள்."

குணசேகரம் மூடியைத் திறந்து காட்டினார். கிழவர் இடைவெளியால் பார்த்துவிட்டு, "எனக்குச் சாப்பாடாகத் தெரியவில்லை" என்றார்.

குணசேகரம் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். கிழவர் அதை வாங்கி, கண்ணாடி போட்டு, வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு நீளத்துக்கா பெயர் வைப்பார்கள்? பூர்வீக ஊர் துன். நீங்கள் துன்னா?" என்று சிரிக்காமல் கேட்டார். முட்டைத் தட்டுக்காரன் தன்முன் எப்படி நின்றிருப்பான் என்று முதல்முறையாகக் குணசேகரத்துக்கு விளங்கியது. ஆனால் கோபமும் வந்தது. இந்த ஆளும் எதையோ ஒளிக்கிறார். அதனால்தான் கதவைத் திறக்கிறார் இல்லை.

கிழவர் உள்ளே போய்ப் பேரனுக்குப் போன் போட்டுப் பார்த்தார். அட்ரியான் ரயிலில் இருந்தான், எடுக்கவில்லை. திரும்பிவந்து கொஞ்சநேரம் தாடையைத் தடவினார்.

"ஹரிஷாவின் தகப்பன் தன் நாட்டுக்காக முப்பாய்ச்சல் பாய்ந்தவர் என்று அட்ரியான் சொன்னான். நான் அதை நம்பவில்லை, அது வேறு கதை. நீங்கள் அந்த ஆள்தான் என்றால் காட்டுங்கள்."

"என்ன காட்டுவது?"

"பாய்ந்து காட்டுங்கள். இந்தப் பாதையில்."

நாட்டுக்காகவோ? ஆர் சொன்னது? நான் மாவட்டத்தோடு நின்றவன் என்று குணசேகரம் சொல்ல வாயெடுத்தார். சொன்னால் கிழவர் கதவைச் சாத்திவிட்டு நேரே போலிஸுக்கு அடிப்பார். வந்த காரியமும் கெட்டுப்போகும். பெட்டியைப் படியில் வைத்தார். ஜாக்கெட்டைக் கழற்றி மடித்து அதன்மேல் வைத்தார். பாதையின் தொடக்கத்துக்குப் போய்த் திரும்பி நின்றபோது மேல்மாடியில் ஒரு யன்னல் திறந்தது. ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

அறுபதுக்குக் கிட்டிய உடம்பு. விடியப்புறத்திலிருந்து சமையற்கட்டில் நின்ற கால். ஆனால் ஓடத் தொடங்கியதும் கால் தன்பாட்டில் போனது. இடதுகாலில் மிதித்தார். இடதுகாலிலேயே விழுந்தார். அடுத்த எட்டு வலதுகாலுக்கு. அந்த வலதுகாலை ஊன்றி எழும்பியபோது முழங்காலுக்குள் ஏதோ பிடுங்கியது. பாதையைத் தாண்டிப் போய், கிழவருடைய பூச்செடிகளின் நடுவே இருப்பாக விழுந்தார்.

"ஹெர் கெர்பர்! போலிஸைக் கூப்பிடவா?" என்று மேலேயிருந்து அந்தப் பெண் கத்தினாள்.

"வேண்டாம்," என்றது கிழவருடைய குரல். "இரண்டாம் தரமும் இடதுகாலில்தான் விழுந்தார். களவெடுக்க வருகிறவனுக்கு அது தெரியாது."

சங்கிலி கழன்றது.

குசினிக்குள் இருத்தி, ஐஸ்பெட்டியிலிருந்து பட்டாணிப் பையொன்றை எடுத்து முழங்காலில் வைக்கக் கொடுத்தார் கிழவர். கோப்பி ஊற்றினார். பணியாரத்தில் ஒன்றை எடுத்து மணந்து பார்த்து, ஓரத்தில் ஒரு துளி கடித்து, அவசரமில்லாமல் மென்றார். பிறகு முழுவதையும் சாப்பிட்டார். குணசேகரம் இதற்குமேல் பொறுக்க மாட்டாமல் நேரே கேட்டார்.

"ஐம்பத்துநாலாம் ஆண்டு பேர்ணில் நீங்கள் பாய்ந்தீர்களா?"

"நானா?" கிழவர் கோப்பையை வைத்தார். "ஆர் சொன்னது?"

"ஹரிஷா."

"நான் பார்க்கப் போனேன். எனக்கு இருபது வயது, தச்சுவேலை பழகிக்கொண்டிருந்தேன். சைக்கிளில் போனேன். நெடுந்தூர ஓட்டம் பார்க்கத்தான் ஆசை. ஆனால் சனநெரிசலில் என்னைத் தள்ளித் தள்ளி மணற்குழிப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். பின்னேரம் முழுக்க அதிலேயே நின்றேன்."

குணசேகரம் நம்பவில்லை. பார்த்ததாகச் சொல்வதும் பொய்யாக இருக்கலாமே. "அப்படியென்றால் என்ன பார்த்தீர்கள்?"

"பார்த்தது குறைவு. முன்னுக்கு நின்றவன் உயரம். கேட்டதுதான் கூட."

கிழவர் மடித்த விரல் மொளியால் மேசையில் தட்டினார். பலமாக ஒன்று, இழுத்து இரண்டாவது, அதோடு ஒட்டிக்கொண்டு அவசரமாக மூன்றாவது, பிறகு உள்ளங்கையால் மேசையில் ஒரு தேய்ப்பு. "கடைசி இடங்களுக்கு வந்தவர்கள் இப்படி" என்றார். திரும்பவும் தட்டினார். இந்தமுறை மூன்றும் ஒரே இடைவெளியில், ஒரே கனத்தில் விழுந்தன. மணலுக்கு முன்னால் கொஞ்சநேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவான தேய்ப்பு. "ரஷ்யாக்காரர்."

முதலாவது தாளம் குணசேகரத்துடையது. நடு எட்டு கட்டை என்று மாஸ்டர் கத்திக் கத்திச் சொன்ன, அவர் கடைசிவரை திருத்தாத தாளம். மணற்குழிக்குப் பக்கத்தில் காதைக் கொடுத்து நிற்காத எவனாலும் அதை இப்படித் தட்ட முடியாது. ஒரு மனிதர் சொன்னதைச் சாட்சியில்லாமல் அவர் நம்பியது அன்றைக்குத்தான். அது அவருக்கே கொஞ்சம் அந்தரமாக இருந்தது.

"இப்போது நீங்கள் சொல்லுங்கள்," என்றார் கிழவர். "நாட்டுக்காகவா பாய்ந்தீர்கள்?"

"இல்லை. மாவட்டம். இரண்டாமிடம்."

"நான் நினைத்தேன். நாட்டுக்காகப் பாய்ந்தவன் என் பூச்செடிக்குள் விழமாட்டான்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உங்களுக்கு அவன் அப்படிச் சொன்னான், எனக்கு அவள் இப்படிச் சொன்னாள். பிள்ளைகள் இரண்டும் கதைத்து வைத்துச் செய்தார்களா, தற்செயலா? கிழவர் இன்னொரு பணியாரம் எடுத்தார். "எனக்குத் தற்செயலில் நம்பிக்கை இல்லை" என்றார். "எனக்கும் இல்லை" என்றார் குணசேகரம். அந்த வீட்டில் அவர் பொழுதுபடும்வரை இருந்தார்.

நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. "பிள்ளை, இஞ்ச வா. கெர்பர் பாஞ்சவர் எண்டு ஏன் எனக்குச் சொன்னனீ?"

"நான் எப்ப அப்பா அப்பிடிச் சொன்னனான்? முப்பாய்ச்சலுக்குப் போனவர் எண்டுதானே சொன்னன். பாக்கப் போனவர்தானே?"

"போட்டிக்குப் போனவர் எண்டால் எங்கட தமிழில பாஞ்சவர் எண்டுதான் அர்த்தம்."

"எனக்கு அவ்வளவு தமிழ் தெரியாதே அப்பா."

பிழையில்லாத தமிழில் அதைச் சொன்னாள். குணசேகரம் விடவில்லை. "அப்ப நான் நாட்டுக்காகப் பாஞ்சனான் எண்டு அங்க ஆர் சொன்னது?"

"அது… நீங்கள் ஸ்ரீலங்காவில பாஞ்சனீங்கள் எண்டு நான் சொன்னன். அட்ரியான் ஸ்ரீலங்காவுக்காக எண்டு விளங்கிட்டான் போல."

"அவனுக்கு டொய்ச்சும் தெரியாதோ?"

ஹரிஷா அவருடைய முழங்காலைக் குனிந்து பார்த்தாள். முகத்தை அவர் காணக்கூடாது என்றுதான் குனிந்தாள் என்று அவருக்குத் தெரிந்தது. தோள் குலுங்கியதைக் கண்டார். ராஜேஸ்வரியும் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பிப் போய்விட்டாள். குசினிக்குள்ளிருந்து கேட்டது சிரிப்போ இருமலோ என்று இன்றுவரைக்கும் அவருக்குத் தீர்மானமாகத் தெரியாது.

கலியாணம் அடுத்த வைகாசியில் நடந்தது. துன் நகரசபையில் பதிவு, மண்டபத்தில் தாலிகட்டு. இரண்டு பகுதியிலும் ஆரும் எதிர்க்கவில்லை. குணசேகரம் சம்மதம் சொன்னபோது ஏன் சம்மதித்தார் என்று ராஜேஸ்வரிக்கே விளங்கவில்லை. "அந்தக் குடும்பத்தில பொய் சொல்லாத ஒரு ஆள் இருக்கு. எனக்கு அது காணும்" என்று மட்டும் சொன்னார். மண்டபத்தில் கிழவர் முன்வரிசையில் இருந்து, ஐயர் ஒவ்வொரு பொருளை எடுக்கும்போதும் அது எதற்கு என்று குணசேகரத்திடம் கேட்டார். குணசேகரத்துக்கும் பாதி தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றே சொன்னார்.

ஒரு வருடம் கழியவில்லை, அட்ரியானுக்கு வேலையிடம் மாறியது என்று சொல்லிப் பிள்ளைகள் வில் என்ற ஊருக்குக் குடிபோனார்கள். நாட்டின் மற்றத் தொங்கல்.

ஒரு காலைநேரம் கிழவர் குணசேகரத்துக்குப் போன் போட்டார். "ஏன் வில்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்," என்றார் குணசேகரம். "ரயில் ஓடாத இடமா இந்த நாட்டில்? பேர்ணில் வேலை இல்லையா?"

"போய்ப் பார்க்க வேண்டும்."

சனிக்கிழமை போனார்கள். கிழவருக்குப் படி ஏறக் கஷ்டம், குணசேகரத்துக்கு வலது முழங்கால் சரியாக மடங்காது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் பெட்டியில் ஏறினார்கள். வில்லில் ஹரிஷாவின் வீடு வெளிச்சமாக, துப்புரவாக இருந்தது. அட்ரியான் வேலை முடிந்து நேரத்துக்கு வந்தான். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் சிரித்துக் கதைத்தார்கள். கிழவர் யன்னல்களைத் திறந்து மூடிப் பார்த்தார். குணசேகரம் குளிர்பெட்டியைத் திறந்து பால் பெட்டியை மணந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை.

திரும்பிவரும்போது ரயில் விண்டத்தூர் தாண்டியதும் கிழவர் யன்னலில் தலைசாய்த்து உறங்கிவிட்டார். ராஜேஸ்வரி போனில் கேட்டாள். "என்னப்பா, பிள்ளை எப்பிடி இருக்கிறாள்?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார் குணசேகரம், கிழவரை எழுப்பாத குரலில். "அதுதான் எனக்கு விளங்கேல்லை."